இரண்டு விரல் கனத்தில் சேறு

பலெர்மோ நகரில் அபிஸ்ஸோ மாணவர் குகைக் கழகம் என்று ஒன்று இருந்தது. அபிஸ்ஸோ என்றால் அதலபாதாளம். கழகம் பல்லரோ சந்தைக்குப் பின்புறம், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இயங்கியது. மின்தூக்கி கிடையாது. அவ்வளவு உயரம் ஏறினால் தலை சுற்றுகிறது என்று உறுப்பினர்கள் ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் முறையிட்டார்கள்.

கழகத்தின் யாப்பு மூன்றாம் பிரிவில் பின்வருமாறு கூறியது: "ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் குகைக்குள் இறங்குதல் வேண்டும், அல்லது இறங்காமைக்கான காரணத்தை எழுத்தில் சமர்ப்பித்தல் வேண்டும்." 1995ஆம் ஆண்டில் கழகத்துக்கு அறுபத்தொரு உறுப்பினர்கள். அந்த ஆண்டு வந்து சேர்ந்த காரணங்களும் அறுபத்தொன்று. செயலாளர் அவற்றைப் பரீட்சை, தடிமன், காதல், மழை, மழையின்மை, பொது, தாயார் அனுமதி மறுத்தமை என ஏழு கோப்புகளாகப் பிரித்து அலுமாரியில் அடுக்கியிருந்தார். ஏழாவது கோப்புத்தான் எல்லாவற்றிலும் தடிப்பு.

இதை வைத்துக் கழகம் சோம்பிக் கிடந்தது என்று யாரும் எண்ணக்கூடாது. நகரத்தில் வேறெந்த மாணவர் சங்கத்துக்கும் இவ்வளவு வேலை இருந்ததில்லை. வியாழன்தோறும் விருந்து. விருந்துக்கு முன் படக்காட்சி. கழகத்திடம் இருபத்துநான்கு படங்கள் இருந்தன; அவற்றில் ஒன்று நான்கு வருடமாகத் தலைகீழாகக் காட்டப்பட்டு வந்தது. குகையில் மேல் எது, கீழ் எது என்பது ஒரு கோட்பாட்டுப் பிரச்சினை என்று தலைவர் விளக்கியிருந்தார். விருந்துக்குப் பின் முடிச்சுப் பயிற்சி. ஓர் ஆணும் பெண்ணுமாகக் கயிற்றின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டார்கள். இந்தப் பயிற்சியில் இரண்டு நிச்சயதார்த்தங்கள் நடந்தன. ஒன்று அவிழ்ந்தும் போனது.

சுவரில் பன்னிரண்டு ஓவரோல்கள் தொங்கின. எல்லாவற்றிலும் சேறு. கழகத்தை ஆரம்பித்தவர்கள் 1988இல் ஒரேயொரு தடவை உண்மையாகவே ஒரு குகைக்குள் போய்வந்தபோது ஒட்டிய சேறு அது. அவர்கள் இப்போது பல்வைத்தியர்களாகவும் காப்புறுதி முகவர்களாகவும் இருந்தார்கள். சேறு மட்டும் கழகத்தில் தங்கிவிட்டது. சனிக்கிழமை மாலைகளில் உறுப்பினர்கள் அதை முறைவைத்து அணிந்து, தலையில் விளக்குத் தொப்பியுடன், வியா மக்குவேதா என்ற பெருந்தெரு நெடுகிலும் களைத்த நடையில் உலாவினார்கள். களைத்த நடைக்குத் தனியாக ஒத்திகை உண்டு.

இந்தக் கழகத்தில்தான் விக்னராஜா துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தார்.

விக்னராஜாவுக்கு வயது முப்பத்தெட்டு. ஊர் கோண்டாவில். காலையில் கழகத் தலைவர் ரொசாரியோவின் தாயார் வீட்டில் வேலை; புதன்கிழமை பிற்பகல் கழகத்தில். அவருடைய மனைவி நாகபூசணி நாலு வருடமாகக் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார். அவரைக் கூப்பிடுவதற்கு விக்னராஜாவின் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், புதுப்பிக்கப்பட வேண்டும். அது மார்ச், ஊர்ப் பேச்சில் பங்குனி, முப்பத்தோராம் திகதி முடிவடைய இருந்தது.

முதல் புதன்கிழமை அறைக்குள் நுழைந்த விக்னராஜா பன்னிரண்டு ஊத்தை உடுப்புகளைக் கண்டார். படித்த பிள்ளைகள் இப்படி விட்டிருக்கிறார்களே என்று அவருக்குப் பரிதாபமாக இருந்தது. எல்லாவற்றையும் குளியல் தொட்டியில் ஊறவைத்தார். சவர்க்காரம் போட்டுக் கும்மினார். தொட்டி விளிம்பில் அடித்தார். நீலம் போட்டு அலசி, கூரையில் காயவிட்டு, காற்சட்டைக் கரை கத்தியாய் நிற்க மினுக்கி, கழன்றிருந்த இரண்டு தெறிகளையும் தைத்து, பழையபடி சுவரில் கொழுவிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை உறுப்பினர்கள் கதவைத் திறந்தார்கள். ஒரு பெண் அழுதாள். விக்னராஜாவை ஆள் அனுப்பி அழைத்தார்கள்.

"இது ஏழு வருடச் சேறு," என்றார் ரொசாரியோ. அவர் சட்டக் கல்லூரியில் ஒன்பதாம் ஆண்டு மாணவர்.

"ஏழு வருடமா?" என்றார் விக்னராஜா. "அதுதான் லேசில் போகவில்லை."

அவசரக் கூட்டம் கூடியது. இரண்டு பிரேரணைகள் வந்தன. முதலாவது, உறுப்பினர்கள் ஒரு குகைக்குள் இறங்கிப் புதுச் சேறு கொண்டுவர வேண்டும் என்பது. அதை ஆமோதிக்க ஆளில்லை. இரண்டாவது, சேற்றை அகற்றியவரே சேற்றை மீள வழங்க வேண்டும் என்பது. அது ஏகமனதாக நிறைவேறியது.

விக்னராஜா பீலிக்ஸிடம் போனார். பீலிக்ஸ் மன்னார்ப் பெடியன். கோடையில் மொண்டெல்லோ கடற்கரையில் கோப்பை கழுவுவான். குளிர்காலத்தில் சியாகுல்லியில் மந்தரீன் தோடம்பழத் தோட்டத்தில் வேலை.

"பீலிக்ஸ், உங்கடை தோட்டத்திலை சேறு இருக்கோ?"

"தாராளமா இருக்கண்ணை. ஏன், வீடு கீடு கட்டப் போறியளோ?"

"உடுப்புக்குப் பூச."

"அண்ணை, காலமை சாப்பிட்டனீங்களோ?"

"விசர்க் கதை கதையாதை. ஒரு வாளி கிண்டித் தா."

சியாகுல்லி மண் சிவப்பு. மரத்தடியில் விழுந்து அழுகிய மந்தரீன் தோலும் இலையும் கலந்து அதற்கு ஒரு வாசம் இருந்தது. விக்னராஜா செய்யும் வேலையைத் திருந்தச் செய்பவர். முழங்காலில் அதிகமாகவும் முழங்கையில் குறைவாகவும் குழைத்துப் பூசி, விழப்போனவரை யாரோ தாங்கிப் பிடித்ததுபோல முதுகில் ஒரு கை அடையாளத்தை அப்பி, வெயிலில் காயவைத்தார்.

சனிக்கிழமை உலாவில் நகரம் திரும்பிப் பார்த்தது.

"எந்தக் குகை?" என்று கேட்டார்கள்.

"மிக ஆழமானது," என்றார் ரொசாரியோ.

"மந்தரீன் மணக்கிறதே."

"அவ்வளவு ஆழம்."

அடுத்த சனிக்கிழமை மருத்துவ மாணவர்கள் சேற்றுடன் வந்தார்கள். தை மாதத்தில் குகையே தெரியாத சட்டத்தரணிகள் சேற்றுடன் நீதிமன்றப் படியேறினார்கள். மாசி வெயிலில் மொண்டெல்லோவில் ஐஸ்கிரீம் குடித்தவர்களில் பாதிப்பேர் அப்போதுதான் பாதாளத்திலிருந்து வந்தவர்களாகக் காணப்பட்டார்கள். ஓவரோல்கள் கட்டுக்கட்டாக நான்காம் மாடிக்கு ஏறின. தரம் கெடாதிருக்கக் கழகம் ஒரு நியமத்தை வெளியிட்டது: முழங்காலில் இரண்டு விரல் கனம், முழங்கையில் ஒரு விரல் கனம், முதுகு மனச்சாட்சிப்படி.

இந்த இடத்தில் ரொசாரியோவின் நேர்மை குறுக்கிட்டது. வேலை ஒப்பந்தத்தில் 'துப்புரவுப் பணியாளர்' என்று எழுதப்பட்டிருந்தது. விக்னராஜா ஐந்து மாதமாக எதையும் துப்புரவாக்கவில்லை. சட்டம் படிக்கும் ஒருவர் பொய்ப் பத்திரத்தில் கையெழுத்திட முடியாது. ஆகவே ரொசாரியோ அதைத் திருத்தி, 'ஆடைகளுக்குச் சேறு பூசுபவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க முதலில் தொழில் வகையீட்டுக் கந்தோரில் ஒரு துண்டு எடுக்கவேண்டும். அங்கே சிஞ்ஞோர் பலும்போ என்ற அலுவலர் இருந்தார். அவருக்கு முன்னால் ஆயிரத்து இருநூறு தொழில்களைக் கொண்ட ஒரு புத்தகம் இருந்தது.

"தொழில்?"

"சேறு பூசுவது."

"கழுவுவது என்று சொல்ல வருகிறீர்கள்."

"இல்லை சிஞ்ஞோர். பூசுவது. கடிதம் இருக்கிறது."

பலும்போ கடிதத்தை வாசித்தார். புத்தகத்தைப் புரட்டினார். "அழுக்கு அகற்றுபவருக்குப் பதினேழு வகைகள் உண்டு. அழுக்கு ஆக்குபவருக்கு ஒன்றும் இல்லை. வகை இல்லாத தொழில் நடைபெற முடியாது. நடைபெற முடியாத தொழிலைச் செய்பவர் இங்கே நிற்க முடியாது."

"நிற்கிறேனே, சிஞ்ஞோர்."

"அதைத்தான் நானும் கவலையுடன் அவதானிக்கிறேன்." கடிதத்தைத் திருப்பித் தந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் மகளுக்கு நாற்பத்திரண்டாம் அளவு. முழங்காலில் கொஞ்சம் கூடவே போடுங்கள்."

அன்று பின்னேரம் விக்னராஜா தொலைபேசிக் கடையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கதைத்தார்.

"என்னப்பா, கடுதாசி சரிவந்ததோ?"

"இல்லை. என்ரை வேலைக்குப் பேர் இல்லையாம்."

"என்ன வேலை செய்யிறியள் பேர் இல்லாமல்?"

"உடுப்புக்குச் சேறு பூசுறன்."

"குடிக்கத் தொடங்கிட்டியளோ?"

"இல்லை நாகம். படிச்ச பெடியள். ஊத்தை உடுப்புத்தான் வேணுமாம்."

"அப்ப நான் இஞ்சை இருந்து உங்கடை வேட்டியளைத் தோய்ச்சு மடிச்சு வைச்சிருக்கிறது என்னத்துக்கு?" என்றார் நாகபூசணி. "பங்குனி முடியமுன்னம் ஒரு பேர் தேடுங்கோ. லொட்ஜ்க்காரனுக்கு இனிச் சொல்ல என்னட்டைக் காரணம் இல்லை."

பங்குனி முதல் வாரத்தில் வடக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மிலானோப் பக்கத்தில் தெனெப்ரா மாணவர் குகைக் கழகம் என்று ஒன்று இருந்தது. அவர்கள் ஒரு கூட்டு முயற்சியை முன்மொழிந்தார்கள். மொண்டெல்லோவுக்கு மேலே மலையில் இரண்டு வாய்கள் கொண்ட ஒரு குகை உண்டு. ஒரு வாயால் வடக்குக் கழகத்தின் ஒருவர் இறங்குவார். மறு வாயால் தெற்குக் கழகத்தின் ஒருவர் இறங்குவார். இருவரும் நடுவில் சந்தித்துக் கொடி மாற்றிக்கொள்வார்கள். "இத்தாலியின் வடக்கும் தெற்கும் பூமிக்கடியிலாவது கைகுலுக்கட்டும்" என்று கடிதம் முடிந்தது. பின்னிணைப்பாக விருந்துக்கு வருவோரின் பட்டியல் இருந்தது. பத்திரிகையாளர் ஒருவரும் வருவார்.

செயற்குழு நான்கு மணித்தியாலம் ஆராய்ந்தது. மூன்றே முக்கால் மணித்தியாலத்தில் விருந்தில் எந்த மீன் என்பது தீர்மானமாகியது. மிச்சம் கால் மணித்தியாலம் யார் இறங்குவது என்பதற்கு. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏழு கோப்புகளைப் பார்த்தார்கள். பிறகு மூலையில் குந்தியிருந்து சேறு குழைத்துக்கொண்டிருந்த விக்னராஜாவைப் பார்த்தார்கள்.

"நீங்கள் எப்போதாவது நிலத்துக்குக் கீழே இருந்ததுண்டா?" என்று ரொசாரியோ மிகுந்த மரியாதையுடன் கேட்டார்.

"ஊரில், பங்கரில் இருந்திருக்கிறேன்."

"ஆழம்?"

"ஆறடி, ஏழடி."

"எத்தனை தடவை?"

"விமானம் வந்த தடவை எல்லாம்."

செயலாளர் குறித்துக்கொண்டார்: 'முன் அனுபவம்: விரிவானது.'

விக்னராஜா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இறங்குகிறேன். ஆனால் புத்தகத்தில் இருக்கிற ஒரு தொழிலின் பெயரில் எனக்குக் கடிதம் வேண்டும்."

ரொசாரியோ யோசித்தார். குகைக்குள் இறங்கும் ஒருவரைக் குகை ஆய்வாளர் என்று அழைப்பதில் பொய் எதுவும் இல்லை. அப்படி அழைக்கத்தக்க வேறெவரும் கழகத்தில் இல்லை என்பதும் உண்மை. கடிதம் அந்த இடத்திலேயே தட்டச்சாகியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மலையில் இரண்டு கூட்டங்கள் கூடின. நடுவில் வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசை. தெற்கு வாய் மேசையிலிருந்து மறைவான ஒரு பாறைக்குப் பின்னால் இருந்தது. வடக்கு வாயும் அவ்வாறே. ஒவ்வொரு தலைவரும் தங்கள் வீரர் ஏற்கெனவே இறங்கிவிட்டார் என்றும், அவர் கூச்ச சுபாவம் உள்ளவர் என்றும் மற்றவருக்கு அறிவித்தார்.

விக்னராஜா முதலில் நடந்தார். பிறகு குனிந்தார். பிறகு வயிற்றால் ஊர்ந்தார். கொடி பல்லுக்கிடையில். உள்ளே குளிராகவும் அமைதியாகவும் இருந்தது. பங்கருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே காது எதற்கும் காத்திருக்கவில்லை என்று அவருக்குப் பட்டது. அரை மணித்தியாலம் ஊர்ந்திருப்பார். முன்னால் இருட்டுக்குள் யாரோ இருமினார்கள். பிறகு ஒரு தொப்பி அவருடைய தொப்பியில் 'டங்' என்று முட்டியது.

"ஐயோ முருகா!" என்றது இருட்டு.

விக்னராஜா கொடியை வாயிலிருந்து எடுத்தார். "ஆரது?"

"நீங்கள் ஆர்?"

"நான் தெற்கு. நீங்கள்?"

"நான் வடக்கு."

"எந்த வடக்கு? மிலானோவோ, யாழ்ப்பாணமோ?"

"ரெண்டுந்தான்," என்றது இருட்டு. "குணரத்தினம். கரவெட்டி. தெனெப்ரா கழகத்திலை உடுப்புத் தோய்க்கிறன். தோய்க்கிறதெண்டால்..."

"தெரியும். சேறு பூசுறியள்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிக்கச் சிரிக்கத் தொப்பிகள் பாறையில் முட்டின. சிரிப்பு குகைக்குள் போய்த் திரும்பி வந்தது. இருபது பேர் சிரிப்பதுபோலக் கேட்டது.

"கடுதாசி கேட்டனீங்களோ?" என்றார் விக்னராஜா.

"பின்னை? கடுதாசி இல்லாமல் ஆரண்ணை பாதாளத்துக்கு வாறது?"

கொடியை மாற்றிக்கொண்டார்கள். குணரத்தினம் பையிலிருந்து பாணும் சம்பலும் எடுத்தார். உடனே திரும்பினால் விருந்து குழம்பும் என்பதால் இரண்டு மணித்தியாலம் இருந்து ஊர்க் கதை கதைத்தார்கள். பிறகு அவரவர் வாயால் அவரவர் வெளியேறினார்கள்.

மேலே இரண்டு தலைவர்களும் எழுந்து மற்றக் கழகத்தின் வீரருக்காகக் கோப்பை உயர்த்தினார்கள். தாங்கள் அனுப்பிய ஆள் யார் என்று இருவருக்கும் தெரியும். மற்றவர்கள் உண்மையாகவே ஓர் உறுப்பினரை இறக்கிவிட்டார்கள் என்ற எண்ணத்தில் இருவருக்குமே மீன் இறங்கவில்லை. மறுநாள் பத்திரிகை 'இருளில் சந்தித்தன வடக்கும் தெற்கும்' என்று தலைப்பிட்டது.

செவ்வாய்க்கிழமை விக்னராஜா புதுக் கடிதத்துடன் கந்தோருக்குப் போனார். குகைக்குள் போட்டிருந்த ஓவரோலையே அணிந்து போனார்.

பலும்போ புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "குகை ஆய்வாளர். வகை எண் ஆயிரத்து நூற்றெட்டு. புத்தகம் அச்சான நாளிலிருந்து யாரும் இந்த வகையில் விண்ணப்பித்ததில்லை." பிறகு முகம் வாடியது. "இது என்ன உடுப்பு?"

"குகைக்குள் போன உடுப்பு."

"சாம்பல் நிறமாக இருக்கிறது. சீமெந்து ஆலையில் வேலை செய்தவர்போல் இருக்கிறீர்கள்."

"குகைச் சேறு அப்படித்தான், சிஞ்ஞோர்."

"குகைச் சேறு எது என்று எனக்குச் சொல்லித் தருகிறீர்களா?" பலும்போ கண்ணாடியைக் கழற்றினார். "என் மகளிடம் ஒன்று இருக்கிறது. அது சிவப்பு. மந்தரீன் மணக்கும். முழங்காலில் இரண்டு விரல் கனம். நகரமே அறியும். நீங்கள் குகைப் பக்கமே போனதில்லை."

விக்னராஜா பஸ் பிடித்துச் சியாகுல்லிக்குப் போனார். பீலிக்ஸ் மண்வெட்டியுடன் நின்றான். ஒரு மணித்தியாலத்தில் சிவப்புச் சேறு காயாமல் சொட்டச் சொட்டக் கந்தோருக்குத் திரும்பி வந்தார். பலும்போ முழங்காலில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். மணந்து பார்த்தார். முத்திரையைக் குத்தினார்.

"இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்," என்றார்.

பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்பட்டது. நாகபூசணிக்கான விண்ணப்பம் கொழும்புக்குப் போனது. கணவரின் தொழில் என்ற இடத்தில் 'குகை ஆய்வாளர்' என்று இருந்ததைக் கண்டு லொட்ஜ்க்காரர் தன் கதிரையிலிருந்து எழுந்து நின்றதாக நாகபூசணி தொலைபேசியில் சொன்னார்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பீலிக்ஸ் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனான்.

"விக்னராஜா அண்ணை சேறு பூசிக்கொண்டு போனவர்," என்று அவன் கோயில் வாசலில் ஒரேயொரு ஆளிடம்தான் சொன்னான். "ஒரு மணித்தியாலத்திலை முத்திரை குத்திக் குடுத்திட்டாங்கள்."

எங்கள் ஆட்களைப் பற்றி அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. 1990இல் ஒருவர் நீலச் சட்டையுடன் போய்ப் பெர்மெஸ்ஸோ எடுத்தார் என்பதற்காக ஒரு வருடம் முழுவதும் பலெர்மோத் தமிழர் எல்லோரும் நீலச் சட்டையுடன் திரிந்தார்கள். ஆகவே மறுநாள் கந்தோர் வாசலில் நான்கு பேர் சேற்றுடன் நின்றார்கள். வெள்ளிக்கிழமை நாற்பது பேர். சமையல்காரர், பிள்ளை பார்ப்பவர், கிழவர்களைப் பராமரிப்பவர் எல்லோரும் நின்றார்கள். ஏன் என்று கேட்டால், "எல்லாரும் பூசினம்" என்றார்கள்.

பீலிக்ஸ் வாசலில் ஒரு வாளிச் சேற்றுடன் இருந்து உதவினான். இரண்டாம் வாரம் அவனுக்குப் பக்கத்தில் இரண்டாவது வாளி ஒன்று முளைத்தது. அதை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெரியாது. இரண்டிலும் இருந்தது ஒரே குழியில் கிண்டிய ஒரே சேறு. யார் எந்த வாளியில் கை வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்பது ஊரிலேயே, பிறப்பிலேயே முடிவாகியிருந்தது. ஏன் இரண்டு வாளி என்று இத்தாலியர்கள் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் அன்றைய வெயிலைப் பற்றிக் கதைத்தார்கள்.

கந்தோர் முதலில் குழம்பியது. பிறகு, சேறு பூசியவர்கள் காலையிலேயே வேலை செய்துவிட்டு வந்த உழைப்பாளிகளாகத் தென்படுகிறார்கள் என்றும், சுத்தமாக வருபவர்கள் சந்தேகத்துக்கு இடமளிக்கிறார்கள் என்றும் ஒரு மேலதிகாரி அவதானித்தார். ஆனி மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. விண்ணப்பதாரிகள் முழங்காலில் இரண்டு விரல் கனத்துக்குக் குறையாத சேற்றுடன் சமுகமளித்தல் வேண்டும். நிறம்: சிவப்பு. மணம்: அறியப்பட்டவாறு.

புரட்டாதியில் நாகபூசணி விமானத்தில் வந்து இறங்கினார்.

விக்னராஜா அன்று மூன்று தடவை குளித்திருந்தார். நாகபூசணி அவரை மேலிருந்து கீழே பார்த்தார். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஆராய்ச்சியாளர் எண்டியள். ஆராய்ச்சியாளருக்கு நகத்துக்குள்ளை ஏன் இவ்வளவு செம்மண்?"

"அதுதான் ஆராய்ச்சி."

மூன்றாம் நாள் அவரைப் பதிவு செய்யக் கந்தோருக்குப் போகவேண்டும். நாகபூசணி கூறைச் சேலை உடுத்தார். விக்னராஜா சேற்று ஓவரோலை எடுத்தார்.

"அதை அங்காலை வையுங்கோ," என்றார் நாகபூசணி. "நாலு வருசம் பாத்துக்கொண்டிருந்தது இந்தக் கோலத்தோடை பக்கத்திலை நிக்கிறதுக்கோ? வெள்ளைச் சேட்டு மினுக்கி வைச்சிருக்கிறன். அதைப் போடுங்கோ."

"சுற்றறிக்கை இருக்கு நாகம்..."

"சேட்டும் இருக்கு."

விக்னராஜா வெள்ளைச் சட்டை போட்டார்.

கந்தோருக்குள் நாற்பது பேர் சேற்றுடன் வரிசையில் நின்றார்கள். பீலிக்ஸ் வரிசையின் முன்பக்கத்தில், காலடியில் இரண்டு வாளிகளுடன் நின்றான். அவனுக்கும் அன்று புதுப்பிப்பு. பலும்போ கோப்பைத் திறந்தார்.

"கோப்பின்படி இந்த அம்மணியின் கணவர் குகை ஆய்வாளர். நீங்கள் சுத்தமாக இருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் அவர் அல்ல."

"நான்தான், சிஞ்ஞோர். நீங்களே முத்திரை குத்தினீர்கள்."

"நான் குத்தியது சேறு உள்ளவருக்கு." பலும்போ பேனையால் வரிசையைக் காட்டினார். "சேறு உள்ளவர்கள் அங்கே நிற்கிறார்கள். அம்மணி தயவுசெய்து தன் கணவரை அடையாளம் காட்டட்டும்."

"என்னவாம்?" என்றார் நாகபூசணி.

"உன்ரை மனுசன் ஆரெண்டு அந்த வரிசையிலை காட்டட்டாம்."

நாகபூசணி திரும்பிப் பார்த்தார். நாற்பது சிவப்பு ஆண்கள் பார்வையைத் தாழ்த்தினார்கள்.

"அக்கா, என்னைப் பாக்காதேங்கோ," என்றான் பீலிக்ஸ். "எனக்கு மன்னாரிலை பேசி முடிச்சிருக்கு."

வரிசை சிரித்தது. நாகபூசணி சிரிக்கவில்லை. ஓரடி எடுத்து வைத்து, பீலிக்ஸின் தோளில் ஈரமாக இருந்த சேற்றை மூன்று விரல்களால் வழித்து, விக்னராஜாவின் நெற்றியில் திருநீறு போல மூன்று குறி இழுத்தார்.

"இவர்தான் எண்டு சொல்லுங்கோ."

பலும்போ தலையசைத்தார். "போதாது. இரண்டு விரல் கனம். முழங்காலில்."

நாகபூசணிக்கு இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பீலிக்ஸின் மற்றத் தோளை வழித்தார். முதுகை வழித்தார். "இது லொட்ஜிலை நாலு வருசம் இருந்ததுக்கு," என்று ஒரு முழங்காலில் அப்பினார். "இது ஆராய்ச்சியாளர் எண்டு சொன்னதுக்கு," என்று மற்ற முழங்காலில். வெள்ளைச் சட்டையில், "இது நான் மினுக்கினதுக்கு." வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களின் சேறு உதிர்ந்து சுவரில் தெறித்தது. பலும்போவின் கைமடிப்பில் தெறித்தது. புத்தகத்தில், முத்திரையில், அரச இலச்சினையில் தெறித்தது. விக்னராஜாவும் சிரித்தார். கடைசியில் நாகபூசணிக்கும் அடக்க முடியவில்லை.

பலும்போ குனிந்து அளந்தார். "இரண்டரை," என்றார் திருப்தியுடன். முத்திரை விழுந்தது. பிறகு நாகபூசணியை நிமிர்ந்து பார்த்தார்.

விரல் நுனி தவிர அவரில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. கூறைச் சேலையின் சரிகை மின்னியது. அந்தக் கட்டடத்தில் சுத்தமாக இருந்த ஒரேயொரு ஆள் அவர்தான்.

"அம்மணியும் விண்ணப்பதாரிதானே?" என்றார் பலும்போ. "சேறு எங்கே?"

விக்னராஜா சொல்லத் தயங்கினார். நாகபூசணி அவருடைய முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். வெள்ளவத்தையில் தான் விட்டுவிட்டு வந்த அறையைப் பற்றி ஒரு கணம் யோசித்திருக்கலாம். சேலைக் கொய்யகத்தை உயர்த்தி இடுப்பில் செருகினார்.

"தம்பி, அந்த வாளியை இஞ்சை தா."

பீலிக்ஸ் குனிந்தான். கை இரண்டு வாளிகளுக்கும் நடுவில் நின்றது. வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பது பேரும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள்.

"அக்கா," என்றான் பீலிக்ஸ் மெதுவாக, "நீங்கள் எந்த வாளி?"